குளூர்ன்ஸ் மதிலூரில் தங்கி ஸ்டெல்வியோ, உம்ப்ரைல் கணவாய்கள்: எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

மேட்டுப்பாளையத்தான் | பிப்ரவரி 9

வணக்கம் நண்பர்களே. ஜூன் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் இத்தாலியின் வடக்கு ஓரத்தில் உள்ள வின்ஷ்காவ் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். ஐந்து இரவு. அதில் மூன்று நாள் எனக்கு சைக்கிளுக்குக் கிடைக்கும். மனைவிக்கு சைக்கிளில் ஆர்வம் இல்லை. ஆனால் பழைய ஊர், பழைய ஓவியம் என்றால் நாள் முழுக்க நடப்பார்.

தங்குவதற்கு இரண்டு ஊர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்: ஒன்று போர்மியோ, இன்னொன்று குளூர்ன்ஸ். கவியா, மோர்த்திரோலோ கணவாய்கள் எல்லாம் பக்கம் என்பதால் பலரும் போர்மியோவைச் சொல்கிறார்கள். என் மனம் குளூர்ன்ஸ் பக்கம் சாய்கிறது. இடைக்கால மதில் இன்னும் முழுதாக நிற்கிறதாம். மூன்று வாயில்கள், உள்ளே ஆயிரம் பேருக்கும் குறைவான மக்கள். படத்தில் பார்த்ததிலிருந்து விடவில்லை.

என் நிலை: வயது 43, எடை 74 கிலோ. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மாதம் மூன்று முறை ஏறுகிறேன், சுமார் 2 மணி 10 நிமிடம் ஆகிறது. கொல்லிமலையின் 70 வளைவுகளும் ஏறியிருக்கிறேன். 2,700 மீட்டர் உயரத்தில் மிதித்ததில்லை.

எங்கே தங்கலாம்? ஸ்டெல்வியோவை எந்தப் பக்கமிருந்து ஏறலாம்? சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?

வெண்பனி | பிப்ரவரி 9

குளூர்ன்ஸ்தான். நான் இன்ஸ்ப்ரூக்கில் இருக்கிறேன், நான்கு கோடைகளாக அங்கேதான் தங்குகிறேன்.

போர்மியோ நல்ல ஊர்தான். ஆனால் அங்கிருந்து ஸ்டெல்வியோவுக்குப் போனால் பெரும்பாலும் ஏறிய வழியிலேயே இறங்க வேண்டும். குளூர்ன்ஸில் வாசலைத் தாண்டியதும் மூன்று பாதைகள் பிரிகின்றன. தெற்கே ப்ராட் வழியாக ஸ்டெல்வியோ. மேற்கே டாஃபர்ஸ் வழியாக சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து உம்ப்ரைல், ஓஃபன் கணவாய்கள். வடக்கே மால்ஸ் தாண்டி ரெஷன். மூன்று நாளும் காரைத் தொட வேண்டியதில்லை.

உங்களுக்கான முதல் நாள் வட்டம் இது: குளூர்ன்ஸ் – ப்ராட் – ஸ்டெல்வியோ – அங்கிருந்து 3 கி.மீ. இறங்கி உம்ப்ரைல் – சாந்தா மரியா – முஷ்டைர் – டாஃபர்ஸ் – குளூர்ன்ஸ். சுமார் 65 கி.மீ. தூரம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ப்ராட் 915 மீட்டரில் இருக்கிறது, ஸ்டெல்வியோ 2,757 மீட்டரில். 24 கி.மீ. சொச்சத்தில் 1,840 மீட்டர், சராசரி 7.4 சதவீதம். நடுவில் கால் ஆறுவதற்குச் சமதளம் என்று சொல்லத்தக்க இடம் கிடையாது.

வளைவுகள் 48. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள், கீழே 48, உச்சியில் 1. கோமாகோய் ஊரைத் தாண்டிய பிறகுதான் எண்ணிக்கை தொடங்கும். முதல் சில கி.மீ. ஆற்றை ஒட்டி நேராகப் போவதால் "இவ்வளவுதானா" என்று தோன்றி அழுத்தி மிதித்துவிடுவோம். நான் முதல் தடவை அங்கேதான் கெட்டேன். ஃப்ரான்சென்ஸ்ஹோஹ என்ற பழைய விடுதி 2,188 மீட்டரில் வரும். அதுவரை மரங்களுக்கு நடுவே ஒளிந்திருந்த பாதை, அங்கே வந்ததும் மலைச்சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாகக் கண்முன் நிற்கும். இன்னும் ஏறக்குறைய 570 மீட்டர் ஏற வேண்டியது அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும். இடது பக்கம் ஓர்ட்லர், 3,905 மீட்டர், பனியோடு. நான் அங்கே எப்போதும் இறங்கி ஐந்து நிமிடம் நிற்பேன்.

ஒரே ஒரு விதி: ப்ராட்டில் ஆறரை மணிக்குள் இருங்கள். ஒன்பதுக்கு மேல் மோட்டார் சைக்கிள் கூட்டம் வந்துவிடும்.

சூரிச்வாசி | பிப்ரவரி 10

வணக்கம் அண்ணா. வெண்பனி அக்கா சொன்ன ஊர் சரி, திசைதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் சுவிஸிலேயே வளர்ந்தவன். அந்தப் பக்கம் பதினைந்து தடவையாவது போயிருப்பேன். உம்ப்ரைலை ஏற்றமாக எடுங்கோ. 2,501 மீட்டர், சுவிட்சர்லாந்தில் தார் போட்ட கணவாய்ச் சாலைகளில் ஆக உயரமானது. சாந்தா மரியாவிலிருந்து 13 கி.மீ. சொச்சம், 1,100 மீட்டருக்கு மேல் ஏற்றம். ஸ்டெல்வியோவை விடச் சரிவு கூட, ஆனால் வாகனம் மிகவும் குறைவு. 2015 வரை நடுவில் ஒரு துண்டு மண் பாதையாகவே இருந்தது. அதனாலோ என்னவோ, பேருந்துக் கூட்டம் இன்னும் அந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை. முதலில் காடு, பிறகு முரவுன்சா பள்ளத்தாக்கின் புல்வெளி, ஓடைச் சத்தம். அவ்வளவு வடிவான இடம். காலையில் ஏறினால் உங்கள் மூச்சை நீங்களே கேட்கலாம்.

ஸ்டெல்வியோவின் ப்ராட் பக்கம் சனி, ஞாயிறுகளில் எனக்குச் சைக்கிள் ஓட்டும் இடமாகவே தெரியவில்லை. வளைவில் மோட்டார் சைக்கிள் சாய்ந்து வரும்போது ஏறுகிறவனுக்கு ஒதுங்க இடமில்லை.

வெண்பனி | பிப்ரவரி 10

சூரிச்வாசி, உம்ப்ரைல் அமைதியானது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் உங்கள் திசையில் போனால் அவர் அந்த 48 வளைவுகளையும் இறங்க வேண்டும். இறங்கும்போது அந்தச் சாலை எதையும் காட்டாது. பிரேக்கைப் பிடி, திரும்பு, விடு, பிடி என்று 48 முறை. மணிக்கட்டு வலிக்கும். வளைவுகள் குறுகல் என்பதால் எதிரே பேருந்து வந்தால் முழு வளைவையும் எடுத்துக்கொள்ளும். முதல்முறை வருகிறவரை, அதுவும் வலப்பக்கச் சாலைக்குப் பழகாதவரை, அதில் இறக்கிவிடுவது சரியில்லை.

இன்னொன்று, இது என் மனதில் உள்ளது. 1953 ஜூன் 1 அன்று இத்தாலியைச் சுற்றும் ஜிரோ சைக்கிள் பந்தயம் முதன்முதலாக ஸ்டெல்வியோவைக் கடந்தது. முன்னணி வீரருக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையில் இருந்த ஹியூகோ கோப்லெட்டை இத்தாலிய வீரர் ஃபௌஸ்தோ கோப்பி விட்டுப் பிரிந்தது இந்த ப்ராட் பக்க ஏற்றத்தில்தான். அந்த ஜிரோவை அவரே வென்றார், அவருக்கு அது ஐந்தாவது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஜிரோவின் ஆக உயர்ந்த இடத்துக்கு 'சீமா கோப்பி' என்று அவர் பெயரைத்தான் வைக்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர் அந்தச் சாலையை மிதித்து ஏற வேண்டும்.

பற்சக்கரம் | பிப்ரவரி 11

திசைச் சண்டையை நீங்கள் இருவரும் முடித்துக்கொள்ளுங்கள். நான் கணக்கும் கருவியும் சொல்கிறேன்.

உங்கள் எடை, சைக்கிள், தண்ணீர், துணி எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைப்போம். கோத்தகிரி ஏற்றம் ஏறக்குறைய 1,450 மீட்டர். அதை 2 மணி 10 நிமிடத்தில் ஏறுகிறீர்கள் என்றால் உயரத்தை வெல்வதற்கு மட்டும் சுமார் 155 வாட் கொடுக்கிறீர்கள். அதே 155 வாட்டில் ஸ்டெல்வியோவின் 1,840 மீட்டருக்கு 2 மணி 45 நிமிடம் ஆகும். உச்சியில் காற்றின் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆகவே கடைசி ஒரு மணி நேரம் அதே வேகம் வராது. 3 மணி நேரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்கும் இதற்கும் உண்மையான வித்தியாசம் சரிவுதான். அங்கே சராசரி 4.5 சதவீதத்துக்குள், நடுவில் ஓய்வு உண்டு.

கியர்: முன்னால் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரமும் 34 பல். அப்போது பெடல் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றினாலே மணிக்கு 7.5 கி.மீ. போகும், முழங்கால் தப்பிக்கும். 28 பல் கேசட்டோடு போகாதீர்கள்.

வாடகை என்றால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி மட்டும். சில வருடம் முன்பு வேறொரு ஊரில் வாடகைக்கு எடுத்த வண்டியில் பிரேக் கட்டை தேய்ந்திருந்ததை நான் பார்க்காமல் விட்டேன். இறக்கத்தில் பாதி வழியில் உலோகம் உரசும் சத்தம் கேட்டது. மீதி 9 கி.மீ. வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் இறங்கினேன். கடையை விட்டுக் கிளம்பும் முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

லீவரையும் பாருங்கள். நம் ஊரில் வலது கை முன் பிரேக். அங்கே பெரும்பாலும் இடது கை. அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். கடைக்காரரிடம் கேட்டால் மாற்றித் தருவார்கள்.

சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது வளைவுகளையும் மாற்றிவிடும். கொல்லிமலையில் இடதுபக்கம் திரும்பும் வளைவு உள்வட்டம், செங்குத்து. வலதுபக்கம் திரும்புவது வெளிவட்டம், கால் ஆறும். ஸ்டெல்வியோவில் இது தலைகீழ். வலது வளைவில்தான் திடீரென்று எகிறும். அதற்கு முன்பே கியரை இறக்குங்கள்.

கல்வெட்டு | பிப்ரவரி 12

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. முஷ்டைர் என்ற பெயரைப் பார்த்ததால் வருகிறேன். உங்கள் மனைவியிடம் இதைக் காட்டுங்கள்.

முஷ்டைரின் புனித யோவான் கன்னிமடம் 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. பேரரசர் சார்லமேன் நிறுவினார் என்பது மரபு. தேவாலயச் சுவர்களில் கி.பி. 800ஐ ஒட்டி வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றின்மேல் 1200 வாக்கில் இன்னோர் அடுக்கு வரைந்தார்கள். பிறகு வெள்ளைப் பூச்சு எல்லாவற்றையும் மூடியது. 20ஆம் நூற்றாண்டில்தான் பூச்சை நீக்கி வெளியே கொண்டுவந்தார்கள். 1983 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். துறவியர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். மால்ஸிலிருந்து மஞ்சள் நிறத் தபால் பேருந்து முஷ்டைர் வழியாகப் போகும். நீங்கள் மலை ஏறும் நேரத்தில் அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு அங்கேயே உங்களைச் சந்திக்கலாம்.

குளூர்ன்ஸின் மதிலுக்கும் நீங்கள் இறங்கும் சாலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1499 மே 22 அன்று டாஃபர்ஸுக்குக் கீழே கால்வென் என்ற இடுக்கில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் படையை, இன்று சுவிஸ் மாநிலமாக உள்ள கிராவுபுண்டனின் படை முறியடித்தது. வென்றவர்கள் பள்ளத்தாக்கில் இறங்கி குளூர்ன்ஸை எரித்தார்கள். இப்போது நிற்கும் மதில் அதற்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. சுவிட்சர்லாந்திலிருந்து திரும்பும்போது அதே இடுக்கு வழியாகத்தான் சைக்கிளில் வருவீர்கள்.

உச்சியில் நேரம் இருந்தால் கணவாய்க்கு மேலே உள்ள 'மும்மொழி முனை'க்கு நடந்து போங்கள், 2,843 மீட்டர். ஜெர்மன், இத்தாலியம், ரோமான்ஷ் மூன்றும் சந்திக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர். முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றின் எல்லையும் அங்கேதான். பதுங்குகுழிகளின் மிச்சம் சுற்றுவட்டாரத்தில் இன்னும் உண்டு. சாலையே ஆஸ்திரியப் பேரரசுக்காகப் போட்டதுதான். அப்போது அவர்கள் கையில் இருந்த லொம்பார்தியோடு தீரோலை இணைக்க 1820 முதல் 1825க்குள் கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் கட்டினார். வெடிமருந்தும் கைக்கருவிகளும் கொண்டு, ஆண்டில் பாதி பனி மூடும் உயரத்தில். அதை நினைத்துக்கொண்டு ஏறுங்கள்.

மேட்டுப்பாளையத்தான் | பிப்ரவரி 12

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, மனதார நன்றி. கல்வெட்டு ஐயாவின் பதிவை மனைவி இரண்டு முறை படித்தார். குளூர்ன்ஸில் அறை போட்டாயிற்று.

திசை விஷயத்தில் வெண்பனி சொன்னபடி முதல் நாள் ப்ராட் பக்கம், அதுவும் வார நாளில். சூரிச்வாசி தம்பி, மூன்றாம் நாள் உங்கள் உம்ப்ரைல்.

சூரிச்வாசி | பிப்ரவரி 13

சந்தோஷம் அண்ணா. இரண்டு சின்ன விஷயம். கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வையுங்கோ. ஷெங்கன் விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும், ஆனால் டாஃபர்ஸ் எல்லையில் சுங்கக்காரர் நிறுத்திக் கேட்கலாம். அடுத்தது, இத்தாலியில் வாங்கும் சிம் அட்டை சுவிஸுக்குள் வந்தவுடன் தனிக் கட்டணம் போடக்கூடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துவிட்டு டேட்டாவை அணைத்துவிடுங்கோ.

இறக்கத்துக்குக் காற்றுப்புகாச் சட்டையும் முழுவிரல் கையுறையும் கட்டாயம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை பாகை குறையும். கீழே காலையில் 15 பாகை என்றால் மேலே 3 பாகைதான். வேர்வையில் நனைந்த உடம்போடு அதில் இறங்குவீர்கள்.

மேட்டுப்பாளையத்தான் | ஜூலை 6

திரும்பி வந்துவிட்டோம். இதே இழையில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பினேன். மதில் வாயிலைத் தாண்டும்போது ஊரில் ஒரு அசைவும் இல்லை. ப்ராட் வரை ஆப்பிள் தோட்டங்கள், நீர் தெளிக்கும் சத்தம். ஆல்ப்ஸில் மழை மிகக் குறைந்த பள்ளத்தாக்குகளில் இது ஒன்று என்பதால் பழங்காலம் தொட்டு வாய்க்கால் வெட்டித்தான் விவசாயமாம். அந்த வாய்க்கால் ஓரப் பாதைகளில் மனைவி இரண்டு நாள் நடந்தார்.

ப்ராட்டில் 6.25. வெண்பனி எச்சரித்தும் முதல் ஐந்து கி.மீ. கொஞ்சம் வேகமாகத்தான் போய்விட்டேன். ட்ராஃபோய் தாண்டி, வளைவு எண்கள் நாற்பதுக்குக் கீழே வந்தபோது அடங்கினேன். பற்சக்கரம் சொன்ன வலது வளைவு விஷயம் எனக்குப் பெரிய உதவி. எண் பலகை தெரிந்ததுமே கியரை இறக்கப் பழகிக்கொண்டேன்.

ஃப்ரான்சென்ஸ்ஹோஹவில் நின்றேன். அங்கே தெரிந்ததை எழுத நினைத்து மூன்று முறை அழித்துவிட்டேன். சுவர் போன்ற மலை, அதில் மடித்து மடித்துப் போட்ட சாலை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்னக் கட்டடம். அந்தக் கட்டடத்துக்குத்தான் போக வேண்டும் என்று புரிந்த நொடியில் கால் தளர்ந்தது. பிறகு ஒரு முதியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், என்னைக் கடந்து ஒரே சீராக மிதித்துப் போனார். அவர் பின்னாலேயே கிளம்பினேன். பத்தாம் எண்ணுக்குப் பிறகு மூச்சு கட்டுக்குள் இல்லை, தலை லேசாக இருந்தது. உச்சி 9.23. மொத்தம் 2 மணி 58 நிமிடம். பற்சக்கரம், உங்கள் கணக்கில் இரண்டு நிமிடம்தான் பிசகு.

மேலே கடைகள், புகையில் சுடும் இறைச்சி, மோட்டார் சைக்கிள் இரைச்சல். கோப்பியின் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். மும்மொழி முனைக்கு ஏறக் காலில் தெம்பில்லை.

இறக்கத்தில் ஒரு தவறு செய்தேன். உள்சட்டையை மாற்றாமல், மேலே காற்றுச் சட்டையை மட்டும் போட்டுக்கொண்டேன். உம்ப்ரைல் எல்லை தாண்டி நான்காவது கி.மீ.யில் விரல்கள் மரத்து, பிரேக் பிடிப்பது தெரியவில்லை. நிறுத்தி, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். அடுத்து போகிறவர்கள் ஒரு காய்ந்த பனியன் எடுத்துப்போங்கள். நூறு கிராம்கூட இருக்காது.

முஷ்டைரில் மடத்துக்கு வெளியே மனைவி காத்திருந்தார். சைக்கிள் காலணியோடு உள்ளே போகத் தயங்கினேன், அவர் இழுத்துப்போனார். ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைய சிவப்பும் காவியும், அந்தக் குளிர்ந்த இருட்டும். காலையின் களைப்பு அங்கேதான் இறங்கியது. பிறகு கால்வென் இடுக்கு வழியாக, பெரும்பாலும் மிதிக்காமலேயே, குளூர்ன்ஸ் வந்து சேர்ந்தேன்.

இரண்டாம் நாள் ரெஷன். தூரமும் ஏற்றமும் குறைவு, ஆனால் மால்ஸ் தாண்டிய திறந்த மேட்டில் வடக்கிலிருந்து வந்த எதிர்காற்று ஸ்டெல்வியோவை விட வாட்டியது. ஏரி நடுவே மணிக்கூண்டு நிற்கிறது. 1950இல் மின்சாரத்துக்காக ஏரியை உயர்த்தியபோது கிராவுன் ஊரின் 150க்கும் மேற்பட்ட வீடுகள் மூழ்கின. 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம் மட்டும் மிச்சம். எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அங்கே கேமராவை எடுக்க மனம் வரவில்லை, அந்த வீடுகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் உம்ப்ரைல். தம்பி, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. சாந்தா மரியாவிலிருந்து மேலே போகும் வரை என்னைக் கடந்தவை ஏழு வாகனங்கள். எண்ணினேன். சரிவு கடுமை, இரண்டு இடத்தில் எழுந்து நின்று மிதித்தேன். ஆனாலும் மறுபடி ஒரு நாள் கிடைத்தால் நான் போவது அங்கேதான். ஸ்டெல்வியோவை ஒருமுறை ஏறியே ஆக வேண்டும் என்பதிலும் மாற்றம் இல்லை.

வெண்பனி | ஜூலை 6

படித்துக் கண் கலங்கிவிட்டது. பனியன் விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பாலைவனத்தான் | ஜூலை 9

இதைப் படித்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. செப்டம்பரில் போனால் பாதை திறந்திருக்குமா? ஓஃபன் கணவாயைச் சேர்த்துப் பெரிய வட்டமாகப் போக முடியுமா?

வெண்பனி | ஜூலை 9

செப்டம்பர் நல்ல மாதம். ஸ்டெல்வியோ பொதுவாக மே கடைசி அல்லது ஜூனிலிருந்து அக்டோபர் இறுதி வரை திறந்திருக்கும். நடுவில் புதுப்பனி விழுந்தால் ஓரிரு நாள் மூடுவார்கள், முந்தின இரவே பார்த்துக்கொள்ளுங்கள். கோடை முடிவில் ஒரு சனிக்கிழமை மோட்டார் வண்டிகளை முழுதாக நிறுத்திவிட்டு சைக்கிளுக்கு மட்டும் விடுவார்கள். அந்தத் தேதி பொருந்தினால் விடாதீர்கள்.

பெரிய வட்டம் உண்டு. ஸ்டெல்வியோ, உம்ப்ரைல் முடித்து சாந்தா மரியாவில் இடதுபக்கம் திரும்பினால் ஓஃபன், 2,149 மீட்டர். அந்தப் பக்கம் சுவிஸ் தேசியப் பூங்கா வழியாக ட்செர்னெட்ஸில் இறங்கி, இன் நதியோடு மார்த்தினா வரை போய், நவுடர்ஸ் ஏறி, ரெஷன் வழியாகத் திரும்பலாம். சுமார் 168 கி.மீ., 3,300 மீட்டர் ஏற்றம். நவுடர்ஸில் தொடங்கும் 'ட்ரைலேண்டர்ஜிரோ' பந்தயத்தின் பாதை இதுதான். செப்டம்பரில் வெளிச்சம் குறைவு, ஆகவே முன்விளக்கு இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஒரே நாளில் முடியாது என்று தோன்றினால் ட்செர்னெட்ஸில் தங்கிவிடுங்கள்.

சூரிச்வாசி | ஜூலை 10

நான் செப்டம்பர் இரண்டாம் வாரம் சாந்தா மரியாவிலிருந்து ஏறுகிறேன், இந்தமுறை ஓஃபனும் சேர்த்து. பாலைவனத்தான் அண்ணா, அக்கா, யாராவது வருகிறீர்களா?

வெண்பனி | ஜூலை 10

சனிக்கிழமை வேண்டாம். வெள்ளி காலை ஆறே முக்கால், தபால் பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறேன். காய்ந்த பனியனோடு.